ஓ.டி. இல்லாத மாசம்: வீட்டுக்குள்ள கிடைச்ச நாலு விஷயம்



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். யாரும் பசியோட படுக்காம, யார்கிட்டயும் கைமாத்து வாங்காம உங்க வீடு ஒரு மாசம் ஓடணும்னா எவ்வளவு பணம் வேணும்?

உங்க சம்பளம் எவ்வளவுன்னு கேக்கல. வீட்டுக்கு எவ்வளவு வேணும்னுதான் கேக்கறேன். டக்குனு ஒரு எண் சொல்ல முடியுதா? வேலைக்குப் போற இளைஞர்கள்கிட்ட இதைக் கேட்டா பெரும்பாலும் "ஒரு இருபது, இருபத்தஞ்சு ஆகும்ணே"ன்னுதான் பதில் வரும். அது உத்தேசம். சரியான எண் யார்கிட்ட இருக்கு தெரியுமா? 2020-ல வீட்டுல அடைஞ்சு கிடந்தப்போ, சமையல்கட்டுல உக்காந்து அம்மாவோட சேர்ந்து கணக்கு போட்டவங்ககிட்ட.

இந்தக் கட்டுரை அதைப் பத்திதான். கஷ்ட காலம் நல்லதுன்னு சொல்ல வரல. அந்த நேரத்துல வீட்டுக்குள்ள நடந்த சின்னச் சின்ன விஷயங்கள்ல இருந்து, பணம் சம்பந்தமா நாலு உருப்படியான விஷயம் கிடைச்சது. அதை இப்போ மறந்துட்டு வர்றோம். மறந்தா என்ன நஷ்டம்னு கணக்கோட பார்க்கலாம்.

கும்மிடிப்பூண்டி லைன்ல இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல

மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் இருக்கறவங்களுக்கும், இந்தப் பக்கம் ஆவடி, வேப்பம்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருக்கறவங்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுல நாலு பேர் இருந்தா நாலு பேரும் வேற வேற நேரத்துல சாப்பிடுவாங்க. ஒருத்தர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ். இன்னொருத்தர் நைட் ஷிஃப்ட், எல்லாரும் எழுந்திரிக்கும்போது அவர் படுக்கப் போவார். ஞாயித்துக்கிழமை ஓ.டி. கிடைச்சா அதையும் விட மாட்டோம். ஒரே வீட்டுல இருந்தும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் முழுசா பார்க்க நேரம் இருக்காது.

இந்தப் பகுதி அடிக்கடி அடி வாங்கற பகுதியும்கூட. 2015 டிசம்பர்ல வெள்ளம். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல். 2019-ல வண்டி விற்பனை படுத்துச்சு. அந்த செப்டம்பர் மாசத்துல எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில மட்டும் 16 நாள் வேலையில்லா நாள்னு கம்பெனியே அறிவிச்சது. பெரிய ஆலை நின்னா அதுக்குப் பாகம் செய்யற சின்னப் பட்டறையும் நிக்கும். 2020-ல ஊரடங்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ள தண்ணி. எண்ணிப் பாருங்க, ஒன்பது வருஷத்துல அஞ்சு தடவை.

இதுல ரொம்ப நாள் நீண்டது 2020 தான். மார்ச் 24 மாலை 6 மணியில இருந்து தமிழ்நாட்டுல தடை உத்தரவு. அத்தியாவசியம்னு சொன்ன கம்பெனிகளைத் தவிர மத்ததெல்லாம் கேட்டைச் சாத்திட்டாங்க. மே மாசம் கொஞ்சம் கொஞ்சமா திறந்து மூச்சு விட்ட நேரத்துல, ஜூன் 19-ல இருந்து 30 வரைக்கும் மறுபடியும் முழு ஊரடங்கு. திருவள்ளூர் நகராட்சி, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பேரூராட்சிகள் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருந்தது. மார்ச்சுல நின்ன புறநகர் ரயில்ல பொதுமக்கள் திரும்ப ஏற டிசம்பர் ஆச்சு, அதுவும் நேரக் கட்டுப்பாட்டோட.

ஓ.டி. போச்சு. நிறைய பேருக்கு சம்பளமே பாதி ஆச்சு. கான்ட்ராக்ட்ல இருந்தவங்களுக்கு அதுவும் இல்ல. ஆனா ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் நாலு பேரும் ஒரே நேரத்துல தட்டு போட்டு உக்காந்தாங்க. சலூன் மூடியிருந்ததால அப்பாவுக்குப் பையன் முடி வெட்டி விட்டான். பரண்ல கிடந்த பல்லாங்குழி கீழ இறங்குச்சு. சாயங்காலம் மொட்டை மாடியில பேச்சு. அந்தப் பேச்சுல வேற வழியே இல்லாம காசு விஷயமும் வந்துச்சு.

அங்க கிடைச்ச நாலு விஷயம் இதோ.

1. வீட்டோட உண்மையான எண்

ஒரு உதாரணக் கணக்கு எடுத்துக்கலாம். பொன்னேரியில வாடகை வீடு, நாலு பேர். பையன் சிப்காட்ல வேலை, ஓ.டி.யோட சேர்த்து கைக்கு 26,000 ரூபாய். ஓ.டி. இல்லைன்னா 21,000.

சாதாரண மாசம்: வாடகை 6,000. மளிகை 5,000. பால், காய்கறி 3,500. கேஸ், கரண்ட் 1,200. பைக் இ.எம்.ஐ. 3,000. பெட்ரோல் 1,500. எல்லார் போனுக்கும் ரீசார்ஜ் 900. வெளிச் சாப்பாடு, டீ, பஜ்ஜி 2,300. ஆன்லைன்ல வாங்கறது, துணிமணி, விசேஷம் 2,600. மொத்தம் 26,000. வந்தது வந்த வழியே போச்சு. "என்னத்த மிச்சம் பிடிக்கறது"ன்னு அலுத்துக்கறோமே, அந்த மாசம் இதுதான்.

ஊரடங்கு மாசம்: வாடகை 6,000. ரேஷன் அரிசி கைகொடுத்ததால மளிகை 4,500. பால், காய்கறி 3,200. எல்லாரும் வீட்டுல இருந்ததால கேஸ், கரண்ட் 1,400. இ.எம்.ஐ. 3,000. பெட்ரோல் 200. ரீசார்ஜ் 900. மருந்து 500. மொத்தம் 19,700.

இந்த 19,700 தான் அந்த வீட்டோட உண்மையான எண். இதுல ரெண்டு விஷயம் கவனிங்க.

முதல் விஷயம், இது ஓ.டி. இல்லாத சம்பளமான 21,000-க்குக் கீழ இருக்கு. அதாவது ஓ.டி. நின்னாலும் இந்த வீடு தள்ளாடுமே தவிர விழாது. அப்போ ஓ.டி. காசைச் சம்பளம்னு நினைச்சு அதை நம்பி இ.எம்.ஐ. போடறதுதான் ஆபத்து. ஓ.டி.யை எப்பவும் தனியா வைங்க. அது வர்ற மாசம் வரட்டும், வராத மாசம் வீடு அதைத் தேடக் கூடாது.

ரெண்டாவது, அவசர கால நிதி. "ஆறு மாசச் சம்பளம் சேர்த்து வைங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. 26,000 × 6 = 1,56,000. இதைக் கேட்டதுமே பாதிப் பேர் விட்டுடுவோம். ஆனா நமக்கு வேண்டியது ஆறு மாசச் சம்பளம் இல்ல, ஆறு மாசச் செலவு. 19,700 × 6 = 1,18,200. கிட்டத்தட்ட 38,000 ரூபாய் கம்மி. இதையும் ஒரே மூச்சுல சேர்க்க வேண்டாம். முதல்ல ஒரு மாசத்துக்கு உண்டானதைச் சேருங்க. மாசம் 2,500 ஆர்.டி.யில போட்டா எட்டு மாசத்துல 20,000. முதல் படி முடிஞ்சுது.

இந்த எண் எக்செல் ஷீட்ல தானா வராது. "அரிசி எத்தனை கிலோம்மா ஆகுது? எண்ணெய் எத்தனை பாக்கெட்?"னு அம்மாகிட்ட கேட்டாதான் வரும். ஏன்னா அந்தக் கணக்கு இருக்கறது அவங்க தலைக்குள்ள.

2. சாப்பாட்டு நேரத்துல எடுத்த கடன் முடிவு

2020 மார்ச் 27-ல ரிசர்வ் வங்கி ஒரு சலுகை அறிவிச்சது. மூணு மாசம் இ.எம்.ஐ. கட்டாம தள்ளிப் போடலாம். மே 22-ல அதை இன்னும் மூணு மாசம் நீட்டி, ஆகஸ்ட் 31 வரைக்கும் கொடுத்தாங்க. "ஆறு மாசம் கட்ட வேண்டாமாம்டா!"ன்னு நண்பர்கள் குரூப்ல ஒரே சந்தோஷம்.

ஆனா அது தள்ளுபடி இல்ல, தள்ளி வைப்புதான். வட்டி ஓடிட்டே இருந்தது. கணக்கு பாருங்க. 15 லட்சம் வீட்டுக் கடன், 8.5% வட்டி, இன்னும் 240 மாசம் பாக்கி, இ.எம்.ஐ. 13,017 ரூபாய். ஆறு மாசம் கட்டலைன்னா பாக்கி சுமார் 15,65,000 ஆகும். அதே இ.எம்.ஐ.யைத் தொடர்ந்து கட்டினா, 240 தவணையில முடிய வேண்டியது சுமார் 270 தவணை ஆகும். ஆறு மாசம் மூச்சு விட்டதுக்கு முப்பது தவணை கூடுதல்! கூடுதலா கட்டற தொகை ஏறக்குறைய 3.9 லட்சம்.

அப்புறம் வட்டிக்கு வட்டியை மட்டும் 2 கோடி வரையிலான கடன்களுக்கு அரசு திருப்பிக் கொடுத்தது. அது வட்டி மேல ஏறின வட்டிக்கு மட்டும்தான். அசல் வட்டி நம்ம தலையிலதான்.

சம்பளமே வராத வீட்டுக்கு அந்தச் சலுகை உயிர் காத்த விஷயம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பாதிச் சம்பளமாவது வந்த வீடுகள்ல, யார் தள்ளிப் போட்டாங்க, யார் போடலைங்கறது பல நேரம் ஒரு சாப்பாட்டு நேரப் பேச்சுலதான் முடிவாச்சு. பையன் போனைப் பார்த்துக்கிட்டே "ஆறு மாசம் கட்ட வேணாம்பா"ங்கறான். அப்பா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேக்கறாரு: "பேங்க்காரன் சும்மா விடுவானா? வட்டி உண்டா இல்லையா, அதைக் கேட்டியா?" அந்த ஒரு கேள்வியோட மதிப்பு 3.9 லட்சம்.

பி.எஃப். விஷயமும் இதே மாதிரிதான். அந்த வருஷம் மூணு மாச அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இல்லைன்னா இருப்புல 75%, இதுல எது குறைவோ அதை எடுத்துக்கலாம்னு அனுமதிச்சாங்க. திருப்பிக் கட்ட வேண்டியதில்ல. 25 வயசுல 30,000 எடுக்கறோம்னு வைங்க. 8% வட்டின்னு வச்சுக்கிட்டா, அது 58 வயசுல சுமார் 3.8 லட்சமா வளர்ந்திருக்க வேண்டிய காசு. அரிசி வாங்க எடுத்தா சரி. புது போன் வாங்க எடுத்தா? வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்கற பழக்கம் இருந்தா, இந்தக் கேள்வியை வேற ஒருத்தர் நமக்காகக் கேட்டுடுவாங்க.

3. வீட்டோட நிதி அமைச்சர் யாருன்னு தெரிஞ்சது

நாம மியூச்சுவல் ஃபண்ட் வீடியோ பார்க்கறோம், பங்குச் சந்தை பேசறோம். ஆனா அந்த மாசங்கள்ல வீட்டை ஓட்டினது பெரும்பாலும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல இருந்த காசு, சீட்டுப் பணம், மகளிர் சுய உதவிக் குழு சேமிப்பு, கழுத்துல காதுல இருந்த நகை.

சுய உதவிக் குழுவைச் சாதாரணமா நினைக்காதீங்க. தமிழ்நாட்டுல 1989-ல தருமபுரியில ஆரம்பிச்ச திட்டம் அது. வாரம் வாரம் கொஞ்சமா போட்டு, கூட்டத்துல கணக்கு எழுதி, ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன் நின்னு கடன் வாங்கித் திருப்பிக் கட்டற பயிற்சி. ஊரடங்குல குழுப் பெண்கள் வீட்டுத் தையல் மெஷின்ல முகக்கவசம் தச்சு சம்பாதிச்சாங்க. பையன் வேலைக்குப் போகாத மாசத்துல அம்மா தையல் மெஷினை மிதிச்சு வீட்டுக்குக் காசு வந்தது. "நான் சம்பாதிக்கறேன், அவங்க செலவு பண்றாங்க"ன்னு நினைச்ச பையன்களுக்கு அது ஒரு பாடம்தான்.

நகையும் அப்படித்தான். 2020 ஆகஸ்ட்ல தங்கம் சவரன் 40,000 ரூபாயைத் தாண்டி இருந்தது. அதே மாசம் 6-ம் தேதி, நகை மதிப்புல 90% வரைக்கும் வங்கிகள் கடன் கொடுக்கலாம்னு ரிசர்வ் வங்கி தளர்த்தினது. அதுக்கு முன்னாடி 75% தான். மாசம் 3% வட்டி போடற கிரெடிட் கார்டு பாக்கியை, கூட்டுறவு வங்கியில வச்ச வளையல் அடைச்ச கதை நிறைய வீட்டுல உண்டு. நகையை அடகு வைக்கச் சொல்லி நான் ஊக்கப்படுத்தல. எது மலிவான கடன், எது கழுத்தை நெரிக்கற கடன்னு வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தது, அதைத்தான் சொல்றேன். அவங்ககிட்ட நாம அதுவரைக்கும் கேட்டதே இல்ல.

அப்பாவோட கதையும் அப்போதான் வெளிய வந்தது. அவர் இளவயசுல வேலை பார்த்த கம்பெனி மூடினது, ஆறு மாசம் சும்மா இருந்தது, யார் கைகொடுத்தாங்க, யார் ஒதுங்கிப் போனாங்க. இதெல்லாம் சாதாரண நாள்ல பேச்சுல வராது. பையனும் ஓ.டி. இல்லாம உக்காந்திருக்கற நாள்லதான் அப்பாவுக்கு அதைச் சொல்ல வாய் வருது. தைரியமா இருன்னு ஆயிரம் பேர் சொல்றதைவிட, "நான் இதைத் தாண்டி வந்திருக்கேன்டா"ன்னு அப்பா ஒரு தடவை சொல்றது மனசுக்குள்ள இறங்கும்.

4. பீரோவுக்குள்ள இருந்த காகிதங்கள்

வீட்டுல சும்மா இருந்த நாள்ல பீரோவை ஒழுங்குபடுத்தினவங்க நிறைய பேர். அப்போ கிடைச்ச விஷயங்கள்: பிரீமியம் கட்டாம விட்டுப்போன பாலிசி, பழைய கம்பெனி பி.எஃப். எண், யாருக்கும் தெரியாத ஆர்.டி. புத்தகம், நாமினி இடத்துல ஒண்ணுமே எழுதாத ஃபாரம்.

இதுல உங்களுக்கு முக்கியமானது ரெண்டு.

ஒண்ணு, பி.எஃப். நாமினி. பி.எஃப். இருக்கற ஒவ்வொருத்தருக்கும் இ.டி.எல்.ஐ.ன்னு ஒரு ஆயுள் காப்பீடு கூடவே வருது. வேலையில இருக்கும்போது ஏதாவது ஆயிட்டா குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். இதுக்கு உங்க சம்பளத்துல பிடிக்கறது இல்ல, கம்பெனிதான் கட்டுது. நாமினி பதியாம விட்டா, துக்கத்துல இருக்கற அம்மா வாரிசுச் சான்றிதழ், அது இதுன்னு அலையணும். யு.ஏ.என். போர்ட்டல்ல இ-நாமினேஷன் போட அரை மணி நேரம் போதும். நாமினியோட ஆதார், போட்டோ, வங்கிக் கணக்கு விவரம் பக்கத்துல வச்சுக்கோங்க. அதாவது அவங்களைப் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க.

ரெண்டு, ஈ.எஸ்.ஐ. மாசச் சம்பளம் 21,000 வரை இருக்கறவங்களுக்கு இது இருக்கும். ஆஸ்பத்திரி கார்டுன்னு மட்டும்தான் நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க. ஆனா வேலை போனா உதவித்தொகை கொடுக்கற அடல் பீமித் திட்டமும் இதுக்குள்ளதான் வந்தது. 2020-ல அந்தத் தொகையைச் சராசரி தினக் கூலியில 25%-ல இருந்து 50% ஆக்கினாங்க, அதிகபட்சம் 90 நாளைக்கு. வேலை போன பலருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாம போச்சு. உங்க கிளை அலுவலகத்துல இப்போ இருக்கற விதியைக் கேட்டு வச்சுக்கோங்க. கேக்கறதுக்கு வேலை போகணும்னு அவசியம் இல்ல.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும்

இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் கிடைக்கல. 2020 மே மாசத்துல ஜி.என்.டி. ரோட்டுல ஆந்திரா பக்கம் நடந்தே போன வட மாநிலத் தொழிலாளர்களை இந்தப் பகுதிக்காரங்க மறக்க முடியாது. நம்ம பக்கத்து மெஷின்ல வேலை பார்த்தவங்கதான் அவங்களும். அவங்களுக்குச் சேர்ந்து உக்காந்து சாப்பிடற வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருந்தது. கான்ட்ராக்ட் வேலை, தினக்கூலி, வாடகைக் கடைக்காரங்களுக்கும் மொட்டை மாடிப் பேச்சு எல்லாம் ஆடம்பரம். நோய்ல ஆளையே இழந்த வீட்டுல போய் "இதுலயும் நல்லது இருக்கு"ன்னு சொன்னா அது பாவம்.

அதனால கஷ்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டாம். நல்லது பண்ணினது கஷ்டம் இல்ல. கஷ்டத்துல ஒண்ணா உக்காந்த மனுஷங்க. அப்படின்னா அந்த நல்லதை எடுத்துக்க இன்னொரு ஊரடங்கு வர வேண்டிய அவசியமும் இல்ல. ஒரு சாயங்காலம் போதும்.

2023 மிக்ஜாம் அதைத்தான் காட்டுச்சு. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கடை மூலமா அரசு 6,000 ரூபாய் கொடுத்தது. உதவிதான். ஆனா நம்ம உதாரண வீட்டோட எண் 19,700. மிச்சம் 13,700 எங்க இருந்து வரும்னு முன்னாடியே தெரிஞ்ச வீடு, தண்ணி வடியற வரைக்கும் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும். தெரியாத வீடு கந்து வட்டிக்காரர் நம்பரைத் தேடியிருக்கும்.

இந்த வாரம் ஒரு சாயங்காலம்

ஷிஃப்ட் மாறும்போது ஒரு நாள் லீவு கிடைக்கும் இல்லையா, அன்னிக்கு டிவியை அணைச்சுட்டு எல்லாரும் உக்காருங்க. கூட டீயும் ஏதாவது நொறுக்குத் தீனியும் இருக்கட்டும். ஒரு நோட்டுல இந்த அஞ்சையும் எழுதுங்க.

1. ஓ.டி., விசேஷம், வெளிச் சாப்பாடு எல்லாம் கழிச்சு, வீட்டுக்கு மாசம் எவ்வளவு வேணும்? அந்த எண்ணை வீட்டுல எல்லாரும் மனப்பாடமா சொல்லணும்.
2. இன்னிக்கு சம்பளம் நின்னா எத்தனை மாசம் தாங்கும்? கையில இருக்கறதை அந்த எண்ணால வகுத்துப் பாருங்க.
3. யார் பேர்ல என்ன கடன், என்ன வட்டி? நண்பர்கிட்ட வாங்கின கைமாத்து, ஆப்ல வாங்கின கடன், எதையும் மறைக்க வேண்டாம். மறைச்ச கடன்தான் வீட்டை உடைக்கும்.
4. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பாலிசி, சீட்டு, குழு, ஆர்.டி. எல்லாத்தோட எண்ணும் ஒரே பக்கத்துல. யாருக்கு யார் நாமினி?
5. பணம் நின்னா முதல்ல எதை நிறுத்துவோம், கடைசி வரைக்கும் எதை நிறுத்த மாட்டோம்? தங்கச்சி காலேஜ் ஃபீஸா, அப்பாவோட சுகர் மாத்திரையா? இதைச் சண்டை இல்லாத நாள்லயே பேசி முடிச்சிடுங்க.

முதல் தடவை கொஞ்சம் கூச்சமா இருக்கும். அப்பா "இதெல்லாம் எதுக்குடா இப்போ"ம்பாரு. அம்மா "ஏன், வேலையில ஏதாவது பிரச்சனையா?"ன்னு பயந்து கேப்பாங்க. "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நல்லா இருக்கும்போதே எழுதி வச்சுக்கலாம்னுதான்"னு சொல்லுங்க. பத்து நிமிஷத்துல உங்களைவிட அவங்கதான் அதிகமா பேசிட்டிருப்பாங்க.

செலவுக் கணக்கு போடறது எப்படின்னு படிப்படியா நம்ம சேனல்லயும் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி முதல் கேள்விக்கான எண்ணை மட்டும் எழுதிடுங்க. வீட்டுக்கு எவ்வளவு வேணும்னு நீங்க மனசுல நினைச்ச எண்ணும், அம்மா சொல்ற எண்ணும் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாருங்க.